மானேஜருக்கு வைத்த வெற்றிலை பாக்கு

அரியலூர்,
விய வருஷம், மாசி மாதம் 19-ந் தேதி.

பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப் பிட்டரும் எங்கள் வீட்டு மாப்பிள்ளையுமாகிய மச்சான் கருப்பண்ணன் அவர்கள் சமூகத்துக்கு, ரிட்டயர்டு கூட்ஸ் கிளார்க் பழனிவேல் இரு கைகூப்பி எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் பூங்காவனமும், எங்களிடம் தங்கி கூட்ஸ் ஷெட்டில் வேலை பார்க்கும் உங்கள் மூத்த மகன் தர்மனும், கறவை எருமையும் சுகம். அவ்விடம் தாங்களும் என் தங்கச்சி கிருஷ்ணம்மாளும் இளைய குழந்தைகளும் சுகமாயிருக்கத் திருமழபாடி வைத்தியநாதர் கிருபை செய்வாராக.

இந்தக் கடிதத்தைத் தாங்கள் உட்கார்ந்துகொண்டு படிக்க வேண்டும். கிருஷ்ணம்மாளிடம் முதலில் கொடுக்க வேண்டாம். பயப்படும்படி ஒன்றும் இல்லை. இரண்டு நல்ல சேதிகள், இரண்டையும் நானே முன்னின்று முடித்திருக்கிறேன். எடுத்த காரியத்தை நான் முடிக்காமல் விட்டதில்லை என்பது முப்பது வருஷமாகத் தங்களுக்குத் தெரியும். ஒரு நல்ல சேதி எங்கள் யூனியன் புட்பால் கிளப்பைப் பற்றியது, இன்னொன்று உங்கள் குடும்பத்தைப் பற்றியது. கிளப் சேதியை முதலில் சொல்கிறேன், அது இல்லாமல் மற்றது விளங்காது.

எங்கள் மானேஜர் இளையபெருமாளைத் தாங்கள் பார்த்திருக்கிறீர்கள். ஸ்டேஷன் ரோட்டில் சைக்கிள் கடை வைத்திருப்பவர். திருமழபாடியிலிருந்து ஒற்றை ஆளாக இங்கே வந்து, பெண்டாட்டி பிள்ளை என்று ஒன்றும் இல்லாமல், இருபத்திமூன்று வருஷமாகக் கிளப்பைக் கட்டி மேய்த்தவர். பந்துக்குக் காற்றடிப்பது, எலுமிச்சம்பழம் அறுப்பது, கூட்ஸ் ஷெட்டிலும் தாலுகா ஆபீஸிலும் பையன்களுக்கு லீவு கேட்டு நிற்பது எல்லாம் அவர்தான். இந்த ஊரில் கறிகாய் விற்பவரைக்கூட நாம் மாமா, சித்தப்பா என்று உறவு வைத்துத்தான் கூப்பிடுவோம். அவரை மட்டும் ஊரே மானேஜர் என்று கூப்பிடும். திட்டினால் கேட்டுக்கொண்டே இருக்கலாம், அப்படித் திட்டுவார். தாசில்தார் மகன் ஒருவன் பந்தை வைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தபோது, "களத்துல மாடு சுத்துனாலாவது நெல்லு உதிரும், நீ என்னாத்துக்குடா சுத்துற" என்று ஐந்நூறு பேர் நடுவில் கேட்டவர் அவர். அந்தப் பையன் மறு நிமிஷம் கோல் போட்டான்.

அப்பேர்ப்பட்டவர் போன மாதம் விலகிவிட்டார். ஜெயங்கொண்டத்தாரோடு நடந்த சினேக ஆட்டத்தில் நாம் நாலு கோல் வாங்கினோம். நாலும் கோல் காத்து நின்ற உங்கள் மகன் கால்களுக்கு நடுவே போனவை, அதை நான் பெரிதுபடுத்தவில்லை. ஆட்டம் முடிந்ததும் மானேஜர் தம் வயதை உத்தேசித்துத் தாமாகவே விலகிக்கொண்டார். யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை. யாராவது உங்களிடம் வேறு விதமாகச் சொன்னால் நம்ப வேண்டாம். அவருடைய விசில் இப்போது என் வீட்டில் காலண்டர் ஆணியில் தொங்குகிறது, அது எப்படி வந்தது என்பது இங்கே அவசியமில்லை.

பங்குனி உத்திரத்துக்கு மறுநாள் அதே ஜெயங்கொண்டத்தாரோடு ஷீல்டு ஆட்டம். மானேஜர் இல்லையென்றால் நாங்கள் இறங்க மாட்டோம் என்று பையன்கள் சொல்லிவிட்டார்கள். இறங்காவிட்டால் ஷீல்டு போவது மட்டுமில்லை, கிளப்பே கலைந்துவிடும். ஆகையால் பஞ்சநாதனின் காபி கிளப்பில் தினமும் சாயங்காலம் மகாநாடு நடந்தது. பந்தை ஒரு நாளும் காலால் தொடாதவர்கள்தான் அதிகம் பேசினார்கள். பஞ்சநாதன் தானே மானேஜராக இருந்து ஆட்டத்துக்கு முன்னால் எல்லோருக்கும் இட்லி கொடுப்பதாகச் சொன்னார். போன வருஷம் அவர் இட்லியைத் தின்றுவிட்டு இறங்கி இடைவேளை வரைக்கும் யாரும் ஓட முடியாமல் நின்றது எல்லோருக்கும் ஞாபகம் இருந்ததால் பேச்சு அத்தோடு நின்றது. பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருவர் பெயரைச் சொன்னார்கள். அவர் தோற்றால் நூறு தடவை இம்போசிஷன் எழுதச் சொல்வார் என்று பையன்களே வேண்டாம் என்றார்கள். தங்கள் பெயர்கூட அடிபட்டது, மச்சான். பொன்மலையில் பெரிய பெரிய டீம்களைப் பார்த்தவர் என்றார்கள். கிருஷ்ணம்மாள் முன்னால் வாய் திறக்காத மனுஷர் பதினோரு பேரை எப்படி அதட்டுவார் என்று ஒருவர் கேட்டுவிட்டார். சத்தியமாகக் கேட்டது நான் இல்லை.

என் பெயரை யாராவது சொல்வார்கள் என்று நான் அடக்கத்தோடு காத்திருந்தேன். சொல்லவில்லை. ஒரு தடவை கனைத்துப் பார்த்தேன், இரண்டாம் தடவை கொஞ்சம் பலமாகக் கனைத்தேன், மூன்றாம் தடவை கனைத்ததும் பஞ்சநாதன் உள்ளே போய் எனக்கு மிளகுக் கஷாயம் போட்டுக்கொண்டு வந்தார். குடித்தேன். அப்போதுதான் வக்கீல் குமாஸ்தா அய்யாக்கண்ணு பேசினார். அவர் பேசுவது அபூர்வம், பேசினால் பத்திரம் எழுதின மாதிரி இருக்கும்.

"உள்ளூர் ஆளே வேணாங்க. இந்த ஊர்ல யாரை எடுத்தாலும் பாதி டீமுக்கு மாமன், மீதிக்கு மச்சான். சொந்தக்காரனை எப்புடித் திட்டுறது? மானேஜருக்கு இங்க ஒட்டும் இல்ல, உறவும் இல்ல, அதனாலதான் இத்தனை வருஷம் டீம் நின்னுச்சு. அந்த மாதிரி யாருக்கும் சொந்தம் இல்லாத ஆளா ஒருத்தரைக் கொண்டாங்க."

இதற்கு மேல் பேச இடமில்லை. யாருக்கும் சொந்தம் இல்லாத ஆளைத் தேடினதில், பெரம்பலூரில் ரிட்டயர்டு சுபேதார் அரங்கநாதன் என்று ஒருவர் அகப்பட்டார். பர்மாச் சண்டையிலிருந்து திரும்பி, போன வருஷம்தான் அங்கே நிலம் வாங்கிக் குடியேறினவர். பட்டாளத்தில் டீம் நடத்தியவர். நம் ஜனம்தான், ஆனால் நம் பக்கத்தில் கொண்டான் கொடுத்தான் என்று ஒரு நூல்கூடக் கிடையாது. அவரை அழைத்துவரும் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன்.

எப்படி அழைத்தேன் என்பதைத் தாங்கள் கவனிக்க வேண்டும். முதலில் ஒரு கார்டு போட்டேன். கார்டில் மானேஜர் சமாசாரத்தை எழுதினால் தபாலைத் தொடுகிறவர் எல்லாம் படித்து, அது ஜெயங்கொண்டத்தார் காதுக்குப் போய், அவர்கள் முந்திக்கொள்வார்கள். ஆகவே, "ஒரு நல்ல காரியமாகப் பேச ஞாயிற்றுக்கிழமை ராகுகாலத்துக்கு முன்னால் நாங்கள் நாலு பேர் வருகிறோம், மற்றவை நேரில்" என்று மட்டும் எழுதினேன். கிளப் சார்பில் போவது நான், பஞ்சநாதன், அய்யாக்கண்ணு ஆக மூன்று பேர்தான். மூன்று பேராக ஒரு காரியத்துக்குப் போனால் அது உருப்படுமா? அதனால் நாலாவதாக, அன்றைக்கு லீவிலிருந்த தர்மனைக் கூட்டிக்கொண்டேன். வெறுங்கையோடும் போகக் கூடாது. சமையல்காரருக்கும் மேளக்காரருக்கும் வெற்றிலை பாக்கு வைத்துத்தானே பேசுகிறோம், மானேஜருக்கு வைக்க வேண்டாமா? பூங்காவனம் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, தேங்காய், பழம் எல்லாம் எடுத்து வைத்தாள். சுமங்கலி இருக்கிற வீடு என்று மஞ்சளும் குங்குமமும் நாலு முழம் கதம்பமும் சேர்த்து வைத்தாள். தர்மனுக்குப் பொங்கலுக்கு எடுத்த ஜரிகை வேஷ்டியைக் கொடுத்தாள், மற்றது வெளுப்புக்குப் போயிருந்தது. எல்லாம் பொருத்தமாக இருப்பதாகவே எனக்குப் பட்டது.

பெரம்பலூருக்கு ரயிலா இருக்கிறது? பெட்ரோலுக்குப் பதில் கரிப்புகையில் ஓடுகிற கரி பஸ். பாதி வழியில் கரி வேகவில்லை என்று நின்றுவிட்டது. ஆம்பிளைகள் எல்லாம் இறங்கித் தள்ளினோம். தட்டு என் கையில் இருந்ததால் நான் தள்ள முடியவில்லை, தள்ளுகிறவர்களுக்கு யோசனை சொன்னேன். சுபேதார் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது தர்மன் மூக்கில் கரி இருந்தது. வாசலில் தேர்க்கோலம் மாதிரி பெரிய கோலம். சுபேதாரின் சம்சாரம் சின்னம்மாள் பட்டுப்புடவையில் நின்று வரவேற்றார்கள். ரேஷன் காலத்தில் கேசரி கிளறியிருந்தார்கள், அதில் முந்திரிப்பருப்பு இருந்தது. நம் கிளப்புக்கு இத்தனை மதிப்பா என்று எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. சுபேதார் தர்மனைப் பார்த்து என்ன வேலை, வேலை காயமா டெம்பரவரியா, வெற்றிலை பொடி பழக்கம் உண்டா, ஜாதகம் இருக்கிறதா என்று விசாரித்தார். ஒவ்வொரு ஆட்டக்காரனையும் இப்படி விசாரிக்கிற மானேஜர் நமக்குக் கிடைக்க வேண்டுமே என்று நான் பஞ்சநாதனைப் பார்த்துத் தலையாட்டினேன். அய்யாக்கண்ணு என் தொடையில் கிள்ளினார். கொசு என்று நினைத்துத் தட்டிவிட்டேன்.

அப்புறம் அவர்கள் மகள் சாந்தா காபி கொண்டுவந்தாள். லட்சணமான பெண், மச்சான். எட்டாவது வரை படித்தவள். தர்மனிடம் வரும்போது ஒரு டம்ளர் தட்டிலிருந்து சரிந்தது. நம் பையன் உட்கார்ந்த இடத்திலிருந்தே இடது பக்கமாகப் பாய்ந்து, தரைக்கு ஒரு சாண் மேலே அதைப் பிடித்தான். சீசன் முழுக்க ஒன்றையும் பிடிக்காதவன் அதைப் பிடித்தான், ஒரு சொட்டு சிந்தவில்லை. நான் என்னை மறந்து கை தட்டிவிட்டேன். சின்னம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். சுபேதார் எழுந்து நின்று, இரண்டு கையாலும் என் கையிலிருந்த தட்டை வாங்கி, தம் சம்சாரத்திடம் கொடுத்து, பூவை எடுத்து அந்தப் பெண் தலையில் வைக்கச் சொன்னார்.

மச்சான், அந்தப் பூ அந்தப் பெண் தலையில் ஏறின பிறகுதான் எனக்கு விளங்கிற்று. யோசித்துப் பாருங்கள், அவர்கள் மேல் என்ன குற்றம்? நல்ல காரியம் என்று கார்டு, நாலு பேர், பூத்தட்டு, அந்தத் தட்டைத் தூக்கிக்கொண்டு தாய்மாமன், பக்கத்தில் ஜரிகை வேஷ்டியில் கலியாணமாகாத பையன். நானாக இருந்தாலும் கேசரிதான் கிளறியிருப்பேன். கைமாறின தட்டைத் திருப்பிக் கேட்டு, தலையில் ஏறின பூவை இறக்கச் சொன்னால், நாளைக்கு அந்தப் பெண்ணுக்கு வேறு யார் வருவான்? நம் குடும்பம் அப்படிச் செய்கிற குடும்பமா? நான் ஒரு நொடிதான் யோசித்தேன். இன்னொருவராக இருந்தால் திகைத்துப் போயிருப்பார்.

"ரொம்ப சந்தோஷமுங்க சம்பந்தி. கூடவே இன்னொரு காரியமும் இருக்குதுங்க" என்று தொடங்கி, மானேஜர் விஷயத்தையும் அதே மூச்சில் பேசினேன். அவரும் யோசிக்கவில்லை. கலியாணம் வைகாசியில், மானேஜர் வேலை வருகிற புதன்கிழமை முதல் என்று ஒரே தட்டில் இரண்டும் முடிந்தன. இப்படி ஒரு தாம்பாளத்தில் இரண்டு காரியம் முடித்த ஆள் இந்தத் தாலுகாவில் உண்டா என்று விசாரித்துச் சொல்லுங்கள்.

பையனுக்குச் சம்மதமா என்று தாங்கள் கேட்பீர்கள். திரும்பி வரும்போதும் பஸ் நின்றது. நான் தர்மனைக் கேட்டேன். மற்றவர்கள் இறங்குவதற்குள் அவன் ஒருவனே பஸ்ஸை அரை பர்லாங்கு தள்ளிவிட்டான். சம்மதம் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

ஆவணிக்கு மேல்தான் அவன் கலியாணப் பேச்சு என்று தாங்கள் எழுதியிருந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. தங்களைக் கேட்காமல் செய்துவிட்டேன் என்று கோபம் வந்தால், அதைக் கிருஷ்ணம்மாளிடம் காட்டவும். போன பங்குனியில் தர்மனைத் திருமழபாடிக்கு இழுத்துப் போய் நந்தி கல்யாணம் பார்க்க வைத்தவள் அவள்தான். நந்தி கல்யாணம் பார்த்தால் முந்திக் கல்யாணம் என்று ஊரே சொல்கிறது, அது முந்திக்கொண்டால் நான் என்ன செய்வேன்? எனக்குப் பெண் பிறந்திருந்தால் தர்மனை நானே கேட்டிருப்பேன், பிறக்கவில்லை. அந்தக் குறையை வைத்தியநாதர் இப்படித் தீர்த்துவிட்டார் என்று பூங்காவனம் சொல்கிறாள். இனி கிளப்பைப் பற்றியும் கவலை இல்லை, தர்மனைப் பற்றியும் கவலை இல்லை. ஷீல்டு நமக்குத்தான், அதைக் கலியாணப் பந்தலில் வைத்துப் போட்டோ எடுப்போம்.

தங்கள் இடுப்பு வலிக்கு நொச்சித் தழை வைத்துக் கட்டவும். கிருஷ்ணம்மாளுக்கு என் ஆசீர்வாதம், குழந்தைகளுக்கு முத்தம், தங்களுக்குத் தங்கள் அந்தஸ்துக்குரிய வணக்கம். எல்லோரும் ஷீல்டு ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்னதாகவே வந்துவிட வேண்டியது.

இப்படிக்கு,
எடுத்ததை முடிக்கும் தங்கள் மைத்துனன்
பழனிவேல்

பின்குறிப்பு, மாசி 23-ந் தேதி, வெள்ளிக்கிழமை. கவர் அகப்படாததால் நாலு நாளாகக் கடிதம் என்னிடமே இருந்துவிட்டது. நல்லதாகப் போயிற்று. மேலே எழுதினதில் சில திருத்தங்கள் உண்டு.

புதன்கிழமை சுபேதார் காக்கி நிக்கரோடு வந்து இறங்கினார். ஆணியிலிருந்து விசிலை எடுத்து நானே அவர் கழுத்தில் மாட்டினேன். பாதி இந்துஸ்தானி, பாதி தமிழ், அப்படி ஒரு திட்டு. பின்னால் நின்று பேக் ஆடுகிற பையன்கள் இரண்டு பேரும் அதுவரைக்கும் ஓடாத ஓட்டம் ஓடினார்கள். ஊரே பார்த்து மெச்சியது. அப்புறம் ஒரு பந்து மெதுவாக, நடந்துவருகிற மாதிரி உருண்டு, தர்மன் கால்களுக்கு நடுவே புகுந்தது. சுபேதார் வாயைத் திறந்தார். முகம் சிவந்தது. திறந்த வாயை அப்படியே மூடினார். அப்புறம் பக்கத்தில் போய், இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, "வெயில் கண்ணுல படுதுங்களா மாப்பிள்ளை? வேணும்னா கோல் கம்பத்தை அந்தப் பக்கமா நட்டுக்கலாமுங்க" என்றார். இரண்டாவது கோலுக்கு இளநீர் வெட்டிக்கொண்டுவரச் சொன்னார். மூன்றாவது கோலுக்கு மாப்பிள்ளைக்கு நிழலாக யாராவது குடை பிடித்தால் தேவலை என்றார். ஜெயங்கொண்டத்தான் ஒருவன் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று வேவு பார்த்துக்கொண்டிருந்தான், அவன் சிரித்துச் சிரித்து வேலியிலேயே விழுந்தான்.

சுபேதார் என்னிடம் வந்து விசிலைக் கழற்றிக் கொடுத்துவிட்டார். "மாப்பிள்ளையை நாலு பேர் முன்னால அதட்டிப்புட்டு, நாளைக்கு அவரு வூட்ல எம் பொண்ணு எப்புடிங்க வாழும்? பர்மாவுல குண்டுக்கு நடுவுல நின்னுருக்கேன், இது என்னால ஆவாதுங்க" என்றார். அவர் சொல்வதும் நியாயம்தான். நீங்கள் எங்கள் வீட்டு மாப்பிள்ளை, முப்பது வருஷத்தில் உங்களை நான் ஒரு வார்த்தை சொன்னதுண்டா? அடக்கிக்கொண்டுதானே இருக்கிறேன். தர்மனை நிறுத்திவிட்டு வேறு கோல்கீப்பரைப் போடலாம் என்றால் இருப்பது ஒரே ஒரு ஆள். பெயர் மதுரைவீரன், பந்து வந்தால் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொள்வான். யாருக்கும் சொந்தம் இல்லாத ஆளைத் தேடிப் போய், நானே தட்டு வைத்து அவரைச் சொந்தமாக்கிவிட்டு வந்திருக்கிறேன் என்று அய்யாக்கண்ணு எடுத்துச் சொன்னார். அதைத்தான் தொடையில் கிள்ளிச் சொன்னாராம்.

இன்னொரு திருத்தம். இளையபெருமாள் தாமாகவே விலகினார் என்று மேலே எழுதியிருக்கிறேன். அது பொய், மச்சான். நாலாவது கோல் விழுந்ததும் கோட்டோரத்திலிருந்து, "இருபத்திமூணு வருஷம் போதும், விசிலைக் கழட்டி வச்சிட்டு வூட்டுக்குப் போங்க" என்று கத்தினவன் நான். அவர் விசிலைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்துவிட்டுப் போனார். அந்த ஆணிப் பக்கம் பார்க்கப் பிடிக்காமல், தேதியைக்கூடப் பூங்காவனத்தைக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். வேறு ஆள் வந்து விசிலை வாங்கிக்கொண்டால் தேவலை என்றுதான் அவ்வளவு வேகமாகத் தேடினேன்.

நேற்றுக் காலையில் பூங்காவனம் மறுபடி தட்டு எடுத்து வைத்தாள், இந்தத் தடவை பூ இல்லாமல். நான், பஞ்சநாதன், அய்யாக்கண்ணு, நாலாவதாகச் சுபேதார். சைக்கிள் கடையில் இளையபெருமாள் ஒரு டியூபைத் தண்ணீரில் அமுக்கி ஓட்டை பார்த்துக்கொண்டிருந்தார். தலை நிமிராமலே, "எங்க வூட்ல பொண்ணு இல்லியே பழனிவேலு" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. யோசித்துக்கொண்டு போன பேச்செல்லாம் மறந்துபோய், "அண்ணே, நான் அன்னைக்குச் சொன்னது தப்புண்ணே" என்று மட்டும் வந்தது. அவரை அண்ணன் என்று நான் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

அவர் டியூபைக் கீழே வைத்தார். "இருபத்திமூணு வருஷத்துல இந்தக் கடைக்கு யாரும் தட்டு எடுத்துகிட்டு வந்ததில்லப்பா. கலியாணத்துக்கு வாயால சொல்லிட்டுப் போவீங்க, நானும் வந்து கடைசிப் பந்தியில சாப்புட்டுப் போவேன். சொந்தம் இல்லாதவன், திட்டுறதுக்கு ஆவும்னு வச்சிருந்தீங்க. அதையும் வேணாம்னுட்டே" என்றார். அவர் கையை வேஷ்டியில் துடைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் தட்டை வாங்கிச் சுவரில் இருக்கிற சாமி படத்துக்கு முன்னால் வைத்தார். அப்புறம், விசில் எங்கே என்று கேட்டார்.

சாயங்காலமே மைதானத்துக்கு வந்துவிட்டார். தர்மனைப் பார்த்து, காலைச் சேர்த்து வைக்கத் தெரியாதவனுக்குக் கலியாணம் ஒரு கேடா என்று ஆரம்பித்து விளக்கு வைக்கும் வரை விடவில்லை. தர்மன் ஒன்பது பந்து பிடித்தான். சுபேதார் கோட்டோரத்தில் திரும்பி நின்றுகொண்டு, தம் மாப்பிள்ளை திட்டு வாங்குவது காதில் விழாத மாதிரி ஆகாயத்தைப் பார்த்தார், ஆனால் முகமெல்லாம் சந்தோஷம். ஆகக்கூடி, மானேஜரை மாற்றினோம் என்று மேலே எழுதியிருப்பதைத் தாங்கள் அடித்துவிடலாம். கலியாணத்தை மட்டும் அடிக்க வேண்டாம், அது அப்படியேதான் இருக்கிறது.

கலியாணத்தில் முதல் பந்தியில், உங்களுக்குப் பக்கத்து இலை இளையபெருமாளுக்கு. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவராகத்தான் அவர் உட்கார வேண்டும், இதில் நான் யார் பேச்சையும் கேட்க மாட்டேன். ஆனால் ஷீல்டு முடியும் வரைக்கும் நீங்களும் கிருஷ்ணம்மாளும் தயவுசெய்து அவரை உறவு சொல்லிக் கூப்பிட்டுவிட வேண்டாம். சொந்தமாகிவிட்டால் தர்மனைத் திட்ட மாட்டாரே என்று எனக்குப் பயம். நான் வேறு வாய் தவறி அண்ணே என்று கூப்பிட்டுத் தொலைத்திருக்கிறேனே, இனி என்னையும் ஒன்றும் சொல்ல மாட்டாரோ என்று நேற்று முழுக்க மனசு சரியில்லை. இன்று காலையில் நானாகக் காற்றடித்த பந்தை எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். கையில் வாங்கி அமுக்கிப் பார்த்துவிட்டு, "ஏன்டா தம்பி, இது பந்தா, பரங்கிக்காயா?" என்றார்.